குணத்துக்கு ஒரு துவக்கு

உ
கோண்டாவில்
20-01-1985

அன்புள்ள அக்காவுக்குத் தங்கை கோசலை எழுதிக்கொள்வது. இங்கே நானும் மாடும் கன்றும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கிறோம். உங்களுடைய முழங்கால் வலி எப்படி? மகளும் மருமகனும் பேரப்பிள்ளைகளும் பாரிசுக் குளிரில் சுகமாக இருக்க நல்லூரானை வேண்டுகிறேன்.

திருச்சியில் இருக்கும் தவரத்தினம் மச்சான் மூலமாகக் குணத்தின் கடிதம் வந்தது. என் ஒரே பிள்ளை இயக்கத்துக்குப் போய் ஐந்து மாதம் ஆகிறது. இந்தியாவில் பயிற்சி முகாமில் இருக்கிறான். அக்கா, அவனுக்குத் துவக்கு இல்லை. முந்நூறு பேருக்குப் பதினொரு துவக்காம். மற்றவர்களுக்குப் பூவரசந் தடியில் செதுக்கிய துவக்கு. அதைத் தோளில் வைத்துக்கொண்டு ஓடுகிறார்கள், படுக்கிறார்கள், வாயால் "டுமீல்" என்கிறார்களாம். அவன் பகிடியாகத்தான் எழுதியிருக்கிறான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பயிற்சி முடிந்தவர்களைப் படகில் இங்கே அனுப்பும்போது ஐந்து பேருக்கு ஒரு துவக்குக் கொடுப்பார்களாம். மற்ற நாலு பேரும், பிடித்திருப்பவன் விழும்வரைக்கும் வெறுங்கையோடு பின்னால் போக வேண்டும்.

முன்வீட்டு ஞானரட்ணத்தாரிடம் கேட்டேன். பொலிசில் சார்ஜனாக இருந்து பென்சன் எடுத்தவர். அவர் சொன்னார்: "பிள்ளை, இப்பத்தையப் புதுத் துவக்குகள் தகரம். மண் பட்டால் இறுகிப் போடும். பழைய இங்கிலிசுத் திறீ நொட் திறீத் துவக்கு ஒண்டு எடுத்துக் குடு. நாப்பது வருசம் போனாலும் கேட்ட நேரம் சுடும். ஆனால் பாத்து எடுக்க வேணும். மரம் வெடிச்சிருக்கக் கூடாது, குழலுக்குள்ளை கறள் இருக்கக் கூடாது, உடம்பிலையும் பூட்டிலையும் ஒரே நம்பர் அடிச்சிருக்க வேணும்." வெளிநாட்டில் இவற்றைக் கடையில் வைத்து விற்கிறார்களாம்.

அக்கா, பழையதாக, ஆனால் நல்லதாக ஒன்று வாங்கி அனுப்புங்கள். எனக்குத் தையல் மெசின் அனுப்பினீர்களே, அதைப் போலப் பெட்டியில் அடைத்துத் திருச்சிக்கு அனுப்பினால் மச்சான் எடுத்துக் கொடுப்பார். என் தாலிக்கொடி சும்மாதான் கிடக்கிறது. விற்று அனுப்புகிறேன்.

பதிலைப் பார்த்திருக்கும்,
கோசலை


ரூ பிலிப்-து-ஜிரார், பாரிஸ்
16-02-1985

கோசலைக்கு,

முழங்கால் வலி குறையவில்லை. நாலாம் மாடி, படிகள் எண்பத்திரண்டு. மற்றபடி கேட்கத்தக்க குறை எதுவும் இல்லை. நீ நலமாக இருப்பதாக எழுதியிருக்கிறாய். கடிதத்தின் எஞ்சிய பகுதி அதற்குச் சான்று பகரவில்லை.

அதை மூன்று முறை வாசித்தேன். முதல் முறை நீ எழுதியதென்று நம்பவில்லை. இரண்டாம் முறை நம்பினேன். மூன்றாம் முறை, உனக்கு எழுத்தறிவித்த குற்றத்தில் எனக்கும் பங்குண்டு என்பது நினைவுக்கு வந்தது.

லா சப்பலில் இப்போது நம்மவர் கடைகள் இரண்டு திறந்திருக்கின்றன. அங்கே வாடிய முருங்கைக்காய் கிடைக்கிறது. துவக்குக் கிடைக்காது. உன் தையல் மெசினையே சுங்கத்தில் ஆணி ஆணியாகக் கழற்றிப் பார்த்துவிட்டுத்தான் உன்னிடம் விட்டார்கள். அதை மறந்துவிட்டு, அதே பெட்டியில் துவக்கு அனுப்பச் சொல்கிறாய்.

குணத்துக்குத் தேவையானது பயணச்சீட்டு. மருமகன் ராதாகிருஷ்ணன் வேலை செய்யும் உணவகத்தில் கோப்பை கழுவ ஆள் தேடுகிறார்கள். கோப்பை கழுவுபவனை எவரும் சுடுவதில்லை. அவன் சம்மதித்தால் பயண ஒழுங்கு முழுவதும் என் பொறுப்பு. முகாமைவிட்டு வெளியே வரும் வழியைத் தவரத்தினம் மச்சான் பார்ப்பார். தாலிக்கொடியை வைத்துக்கொள்.

உடம்பைக் கவனி.
தில்லைநாயகி


உ
கோண்டாவில்
19-03-1985

அன்புள்ள அக்காவுக்கு,

நான் சுகம். நீங்களும் அப்படியே என்று நம்புகிறேன்.

நீங்கள் எழுதியதை மச்சான் முகாமுக்குப் போய்க் குணத்துக்குச் சொன்னார். அவன் சொன்ன பதிலை அப்படியே எழுதியிருக்கிறார்: "பெரியம்மாவுக்குச் சொல்லுங்கோ மாமா, கோப்பை கழுவுறதெண்டால் நான் கோண்டாவிலிலையே கழுவியிருப்பன். ஓடினவை ஓடட்டும். துவக்கு வாங்கித் தர ஏலுமெண்டால் தரட்டும். ஏலாதெண்டால் சும்மா இருக்கட்டும்."

அவனுடைய அணியில் பதினாறு பேர். வைகாசியில் கடலேறப் போகிறார்கள். மூன்று துவக்குத்தான் கொடுக்கிறார்களாம். சீட்டுக் குலுக்கினார்கள். அவனுக்கு விழவில்லை.

அக்கா, உங்கள் பேரன்மார் பிரெஞ்சில் பாட்டுப் படிக்கிறார்கள் என்று முன்பு எழுதியிருந்தீர்கள். சந்தோஷம். என்னுடையவன் தடியோடு சாகப் போகிறான். நீங்கள் யூனிவர்சிற்றியில் படித்தது மற்றவர்களின் கடிதத்தில் பிழை பிடிக்கத்தானா? வாங்கித் தந்தால் தாருங்கள். இல்லையென்றால் இனி எனக்குக் கடிதம் போட வேண்டாம்.

குளிருக்குக் காலை மூடிக்கொள்ளுங்கள்.
கோசலை


பாரிஸ்
13-04-1985

கோசலைக்கு,

உனக்குப் புத்தாண்டு நன்றாகப் பிறக்கட்டும். என் உடல்நிலை முன்போலவே.

நீ கேட்டதை வாங்கிவிட்டேன்.

சென் தெனியில், பெரிய சந்தைக்குப் பின்னால் ஒரு கடை. வாள், தொப்பி, பதக்கம், செத்த அதிகாரிகளின் சப்பாத்து என்று போர்களின் மிச்சமெல்லாம் அங்கே விற்பனைக்கு இருக்கிறது. கடைக்காரருக்கு என் வயதிருக்கும். இந்தோசீனாவில் ஒரு காது கேளாமற் போனவர். என் பிரெஞ்சு நூல்களில் கற்றது. நான் பேசியபோது பிரசங்கம் கேட்கும் முகத்தோடு நின்றார். நல்ல பழைய துவக்கு வேண்டும் என்றேன். "மதாம், நல்லது வேண்டுமா, பழையது வேண்டுமா?" என்றார். இரண்டும் என்றேன். "அப்படியென்றால் தாமதித்து வந்திருக்கிறீர்கள்" என்றார். உலகப் போர் முடிந்த கையோடு விறகு விலைக்கு விற்றவற்றையெல்லாம் வேட்டைக்காரர்கள் வாங்கி, மரத்தை அறுத்து, குழலைக் குறுக்கிக் கெடுத்துவிட்டார்களாம். முழு உருவத்தோடு எஞ்சியவற்றைச் சேகரிப்பவர்கள் பூட்டி வைத்திருக்கிறார்கள்; ஆண்டுக்காண்டு விலை ஏறுகிறது. புதியவற்றை அவர் மதிப்பதில்லை. "அவற்றை அச்சில் வார்க்கிறார்கள், மதாம். இதைக் கடைந்தார்கள்."

எடுத்துக் காட்டியது 1943இல் இங்கிலாந்தில் செய்தது. மரம் வெடிக்கவில்லை. உடம்பிலும் பூட்டிலும் ஒரே இலக்கம். மூக்குக்கண்ணாடியைத் துடைத்துவிட்டு இரண்டு முறை ஒப்பிட்டேன். ஞானரட்ணத்தாரிடம் சொல்.

இனி நிபந்தனை. இது திருச்சிக்கு வந்து சேர மாதங்கள் செல்லும். எவர் கையில், எவ்வழியாக என்று கேட்காதே. தன் கைக்கு வரும்வரை குணம் எந்தப் படகிலும் ஏறக் கூடாது. பிரான்சிலிருந்து தனக்கென்று ஒரு துவக்கு வருகிறது, அது வந்தபின் போகிறேன் என்று அவன் பொறுப்பாளனிடம் சொல்லட்டும். முந்நூறு பேருக்குப் பதினொன்று வைத்திருப்பவர்கள் பன்னிரண்டாவதை வேண்டாமென்று சொல்ல மாட்டார்கள்.

இனியாவது உண்டு உறங்கு.
தில்லைநாயகி


பாரிஸ்
13-04-1985

மதிப்புக்குரிய தவரத்தினம் மச்சானுக்கு,

திருச்சி வெயிலில் நீங்களும் வீட்டாரும் நலமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன்.

கோசலைக்கு இன்று எழுதிய கடிதத்தின் பிரதியை இத்துடன் வைத்திருக்கிறேன். அதில் கடை உண்மை, கடைக்காரர் உண்மை, துவக்கும் உண்மை. வாங்கினேன் என்ற சொல் மட்டும் பொய். வரலாறு படித்தவளுக்கு ஒரு பொய்க்கு ஆதாரம் திரட்டுவது கடினமன்று. உண்மையில் அதை வாங்கினாலும் பயனில்லை. இந்நாட்டுச் சட்டப்படி அதன் குழலை உருக்கி அடைத்திருக்கிறார்கள். சுவரில் மாட்டலாம், சுட முடியாது.

எனக்கு வேண்டியது நாலைந்து மாதம். அதற்குள் தடியோடு ஓடி ஓடி அவனுக்குச் சலித்துவிடும். அப்போது பயணச்சீட்டை அனுப்புவேன். அதுவரை, அவன் கேட்டால், வந்துகொண்டிருக்கிறது என்று சொல்லவும். முப்பது ஆண்டு தபால் அதிபராக இருந்தவர் நீங்கள். வராத பொதியை வருகிறது என்று சொல்வது உங்களுக்குப் புதிதன்று.

கோசலைக்கு இது தெரிய வேண்டாம். அவளுக்குத் தெரிந்தால் அவனுக்கும் தெரிந்துவிடும்.

வீட்டாருக்கு என் அன்பைக் கூறவும்.
தில்லைநாயகி


உ
கோண்டாவில்
22-06-1985

என் அன்பு அக்காவுக்கு,

நான் சுகமாக இருக்கிறேன், உங்கள் புண்ணியத்தால். அவசரத்தில் எழுதுகிறேன், எழுத்துப் பிழைகளைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

குணத்தின் அணி வைகாசி இருபதில் படகேறியது. நீங்கள் சொன்னபடியே இவன் பொறுப்பாளரிடம் சொல்லி நின்றுவிட்டான். கடற்படை நடுக்கடலில் மறித்ததாம். போன பதினைந்து பேரில் மூன்று பேர் நீந்தித் தப்பினார்கள். இணுவில் தம்பிராசாவின் மகனும் அதில் போய்விட்டான். பிரேதம்கூட வரவில்லை. செத்தவீட்டுக்குப் போனேன். தாய்க்காரி என்னைக் கட்டிப்பிடித்து அழுதபோது எனக்கு உள்ளுக்குள் சந்தோஷமாக இருந்தது. பாவம்தான். இருந்தும் சொல்கிறேன். துவக்கு வரமுந்தியே என் பிள்ளையைக் காப்பாற்றிவிட்டது.

இப்போது ஒரு கரைச்சல். முகாமில் மற்றப் பெடியன்கள் நம்புகிறார்கள் இல்லை. அவனுக்குப் பட்டப்பெயரே வைத்துவிட்டார்களாம். "டேய் பிரான்சுத் துவக்கு, எப்பயடா உன்ரை பெட்டி வரும்? பெரியம்மா கப்பலிலை ஏத்திறாவோ, தோளிலை காவிறாவோ?" இவனுக்கு வெட்கமாம். படகுக்குப் பயந்து கதை விடுகிறான் என்றும் சிலர் சொல்கிறார்களாம். கலியாணப் பேச்சுக்குப் படம் அனுப்புவதைப் போல, துவக்கின் படம் ஒன்றாவது அனுப்புங்கள் என்கிறான். படத்தில் நீங்களும் அதைப் பிடித்துக்கொண்டு நின்றால் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள்.

நூறு வயதுக்கு இருங்கள் அக்கா.
கோசலை


பாரிஸ்
20-07-1985

கோசலைக்கு,

இங்கே கோடை, முழங்கால் சற்று இரக்கம் காட்டுகிறது.

படம் இத்துடன் வருகிறது. துவக்கைப் பாதுகாப்புக்காகக் கடையிலேயே விட்டு வைத்திருக்கிறேன். போன கிழமை ராதாகிருஷ்ணனைக் கமராவோடு கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரர் அதைத் துடைத்து என் கையில் தந்தார். எண்ணியதைவிடப் பாரம்.

"எந்த நாட்டுடன் போர், மதாம்?" என்றார்.

"என் குடும்பத்துடன்."

"அப்படியென்றால் இது போதாது" என்றார்.

ராதாகிருஷ்ணன் கமராவை வைத்துக்கொண்டு தடுமாறினான். "மாமி, ஏன் மாமி இந்த வேலை? ஆரும் பாத்தால் என்ன நினைப்பினம்?" என்றான். "நல்ல துவக்கு எண்டு நினைப்பினம். நேராப் பிடி" என்றேன். படம் தெளிவாக விழுந்திருக்கிறது. சேலையின் கரைகூடத் தெரிகிறது. என் முகத்தில் சிரிப்பு இருப்பதை இப்போதுதான் கவனித்தேன். அதை நான் வேண்டி வரவழைக்கவில்லை.

மச்சானுக்கு அனுப்பிக் குணத்திடம் காட்டச் சொல். அதன்பின் அவன் பத்திரமாக வைத்திருக்கட்டும்.

உன் உடல்நிலையையும் எழுது.
தில்லைநாயகி


திருச்சிராப்பள்ளி
29-09-1985

அன்பார்ந்த தில்லைநாயகி மச்சாளுக்கு,

ஆண்டவன் கிருபையால் நாங்கள் சுகம். உங்கள் எல்லோருடைய சுகத்தையும் அறிய விருப்பம்.

படம் நல்ல தெளிவு. கரைச்சலும் அதனால்தான் வந்தது. குணம் அதை முகாம் முழுவதும் காட்டிவிட்டான். இரண்டு நாள் அவன் ராசா மாதிரி இருந்தான். ஆவணி கடைசியில் முகாமுக்குப் புதிய பொறுப்பாளர் ஒருவர் வந்தார். படம் அவர் கைக்கும் போயிற்று. அவனைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார்: "இயக்கத்திலை ஆருக்கும் சொந்தத் துவக்குக் கிடையாது. உனக்கு வாங்கினது ஆர்? சித்திரையிலை வாங்கின துவக்கு புரட்டாதி வரைக்கும் எந்தக் கடலிலை வருது?" அவன் பெரியம்மா அனுப்புகிறா என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. சொல்ல அவனுக்கு வேறொன்றும் தெரியாதே.

துவக்கு ஏற்கெனவே வந்துவிட்டது, அதை அவன் வேறு இயக்கத்துக்குக் கொடுத்துவிட்டான் என்று அவர்கள் நினைக்கிறார்கள். மூன்று கிழமையாக என்னை அவனோடு கதைக்க விடவில்லை. கடைசியாகப் பார்த்தபோது வேலிக்கு அங்காலே நின்று, "மாமா, பெரியம்மாவைக் கெதியா அனுப்பச் சொல்லுங்கோ. துவக்கு வந்தால் எல்லாம் சரிவந்திடும்" என்றான். இடது கையைத் தூக்க முடியாமல் வைத்திருந்தான்.

இனி நான் என்ன சொல்ல வேண்டும் என்று உடனே எழுதவும். கோசலைக்கு ஒன்றும் எழுதவில்லை.

தங்கள் அன்புள்ள,
தவரத்தினம்


பாரிஸ்
12-10-1985

தவரத்தினம் மச்சானுக்கு,

உங்கள் கடிதம் இன்று காலை வந்தது. சுகம் விசாரிக்க நேரமில்லை, மன்னிக்கவும்.

இத்துடன் உள்ள இரண்டாவது தாளை அந்தப் பொறுப்பாளரிடம் உங்கள் கையால் கொடுக்கவும். வேறெவர் மூலமும் அனுப்ப வேண்டாம். அதில் எழுதியிருப்பது இதுதான்:

"பொறுப்பாளர் அவர்களுக்கு. குணரத்தினம் என்பவனின் பெரியதாய் எழுதுவது. அவனுக்கென்று துவக்கு எதுவும் வாங்கப்படவில்லை; எவரிடமும் கொடுத்தனுப்பப்படவுமில்லை. படத்தில் உள்ளது ஒரு கடையின் உடைமை. அவன் படகில் ஏறாமல் இருக்க வேண்டும் என்பதற்காக, வாங்கியதாகப் பொய் எழுதினேன். அவன் அதை நம்பினான்; ஆகவே உங்களிடம் உண்மையே சொல்லியிருக்கிறான். பொய் முழுவதும் என்னுடையது. எனக்கு வயது அறுபத்தைந்து. முகவரி கீழே இருக்கிறது. தண்டனை எதுவானாலும் அங்கே வந்து தரலாம்."

எந்தச் சொல்லையும் மாற்றாமல் கொடுக்கவும்.

தில்லைநாயகி


திருச்சிராப்பள்ளி
08-12-1985

தில்லைநாயகி மச்சாளுக்கு,

நாங்கள் இருக்கிறோம். நீங்களும் திடமாக இருக்க வேண்டும்.

இந்தக் கடிதத்தை ஒரு மாதமாக எழுதி எழுதிக் கிழித்தேன். மழையால் தபால் தடைப்பட்டு, உங்கள் கடிதம் நவம்பர் மாதம் ஆறாந் தேதிதான் என் கைக்கு வந்தது. அடுத்த நாளே கொண்டு போய்க் கொடுத்தேன். பொறுப்பாளர் மரியாதையோடு என்னை உட்காரச் சொன்னார். தாளை மேசையில் வைத்தார். மேசை லாச்சியைத் திறந்து உங்கள் படத்தை எடுத்து அதன் பக்கத்தில் வைத்தார்.

"ஐயா, இதிலை மனிசி துவக்கோடை நிக்கிறா. அதிலை துவக்கு இல்லை எண்டு எழுதுறா. அப்ப துவக்கு எங்கை போனது?"

"தம்பி, அவ வாங்கவே இல்லை."

"வாங்காத துவக்கோடை மனிசி ஏன் சிரிக்கிறா?"

நான்கு நாள் கழித்து மறுபடி போனேன். வாசலில் நின்ற பெடியன் முகத்தைத் திருப்பிக்கொண்டு, "ஐயா, இனி வராதேங்கோ. சவுக்கந் தோப்புப் பக்கம் தாட்டாச்சு" என்றான். பிள்ளையைப் புதைத்த இடம் அவ்வளவுதான் தெரியும்.

பிறகு ஒருவன் சொல்லக் கேட்டேன். துவக்கு வரும் வரைக்கும் அவனை வைத்திருப்பது என்றுதான் முடிவு செய்திருந்தார்களாம். துவக்கு வராது என்று உங்கள் கடிதம் சொன்ன பிறகு, அவனை வைத்திருக்கக் காரணம் இல்லாமல் போய்விட்டது. இதை எழுதாமல் விடலாம் என்று நினைத்தேன். நீங்கள் எதையும் மறைத்து எழுதுவதை விரும்புகிறவர் அல்லர்.

கோசலைக்குத் தெரியாது. துரோகிகள் பட்டியலில் அவன் பெயரையும் போட்டு, தை பிறந்ததும் ஊரில் ஒட்டப் போகிறார்களாம். பாரிசில் உள்ள அவர்களுடைய ஆட்கள் துவக்கைக் கேட்டு உங்களிடம் வருவார்கள்.

கண்ணீருடன்,
தவரத்தினம்


பாரிஸ்
25-01-1986

தவரத்தினம் மச்சானுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நீங்கள் எழுதாமல் விடலாம் என்று நினைத்ததை எழுதியது சரி. வீட்டார் நலமாக இருக்கட்டும்.

பதினைந்தாந் தேதி இருவர் வந்தார்கள். மூத்தவன் பெயர் வலன்ரைன். மற்றவன் பெயர் சொல்லவில்லை. எண்பத்திரண்டு படி ஏறி வந்தவர்களுக்குத் தேநீர் கொடுத்தேன்.

"அம்மா, துவக்கை எடுத்துக்கொண்டு போக வந்தனாங்கள்."

"துவக்கு இல்லை."

"நாங்கள் படம் பாத்தனாங்கள் அம்மா."

"அப்ப படத்தைக் கொண்டு போங்கோ."

இளையவன் சிரித்துவிட்டான். வலன்ரைன் சிரிக்கவில்லை. "அம்மா படிச்ச ஆள், சொல்லாமலே விளங்கும். தங்கச்சி கோண்டாவிலிலை தனியத்தானே இருக்கிறா?" என்று கேட்டு, தேநீரைக் குடித்து முடித்தான். சீனி போதுமா என்று கேட்டேன். போதும் என்றான்.

உண்மையை இரண்டு முறை சொல்லிப் பார்த்தாயிற்று. அதற்கு எங்கும் விலையில்லை. ஆகவே விற்கக்கூடியதை விற்பதென்று முடிவு செய்தேன். "அடுத்த சனிக்கிழமை வாங்கோ, துவக்கு இருக்கும். ஆனால் சும்மா தரமாட்டன்" என்றேன்.

"காசோ?"

"பட்டியலிலை இருந்து அவன்ரை பேரை எடுக்க வேணும். சண்டையிலை செத்தவன் எண்டு தாயிட்டைப் போய்ச் சொல்ல வேணும். நோட்டீசு அடிச்சு ஒட்ட வேணும்."

"அது மேலிடத்து விசயம் அம்மா."

"துவக்கும் மேலிடத்திலைதான் இருக்குது. கேட்டுக்கொண்டு வாங்கோ."

கேட்டுக்கொண்டு வந்தார்கள். சம்மதமாம்.

நேற்றுச் சென் தெனிக்குப் போனேன். அந்தத் துவக்கு இன்னும் இருந்தது. சித்திரையில் சொன்ன விலை மூன்றிலொரு பங்கு ஏறியிருந்தது. "நல்லவையெல்லாம் அமெரிக்காவுக்குப் போகின்றன, மதாம். அடுத்த ஆண்டு இந்த விலைக்கும் கிடையாது" என்றார். பேரம் பேசவில்லை. யன்னல் சீலையில் சுற்றித் தந்தார். மெத்ரோவில் ஒரு பிரெஞ்சு இளைஞன் எழுந்து இடம் தந்து, யன்னற் கம்பியா என்று கேட்டான். ஆம் என்றேன். சித்திரையில் பொய்யாக வாங்கியதைத் தையில் மெய்யாக வாங்கினேன்.

இன்று வந்தார்கள். வலன்ரைன் பூட்டைத் திறந்து, வெளிச்சத்துக்கு நேரே பிடித்துக் குழலுக்குள் பார்த்தான்.

"அம்மா, இது அடைச்சுக் கிடக்குது. இது சுடாது."

"ஓம்."

பிறகு மறுபடியும் சீலையைச் சுற்றினான். "பரவாயில்லை. றிப்போட்டிலை துவக்கு வந்து சேந்ததெண்டுதான் போடுவினம். சுடுமோ எண்டு ஒருத்தரும் கேக்க மாட்டினம்" என்றான்.

நோட்டீசுக்கு வயது கேட்டான். இருபத்திரண்டு என்றேன். எழுதிக்கொண்டான். பேனாவை மூடாமலே, "சண்டை எந்த இடத்திலை நடந்ததெண்டு போடுவம் அம்மா?" என்றான்.

மன்னார்க் கடல் என்றேன். கடலென்றால் தாய் உடலைக் கேட்க மாட்டாள்.

இது தொடர்பாக நீங்கள் எனக்கு இனி எதுவும் எழுத வேண்டாம். பொதுவான சுகம் எழுதலாம்.

தில்லைநாயகி


உ
கோண்டாவில்
11-03-1986

என் அன்பு அக்காவுக்கு,

நான் உயிரோடு இருக்கிறேன். நீங்களும் மகள் குடும்பமும் சுகமாக இருக்க வேண்டும். ஆறு கிழமையாகப் பேனை பிடிக்க முடியவில்லை, குறை நினைக்காதீர்கள்.

ஜனவரி கடைசியில் இயக்கப் பெடியன்கள் வாகனத்தில் வந்தார்கள். செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே வந்து, என் காலடியில் உட்கார்ந்துதான் சொன்னார்கள். மன்னார்க் கடலில் மூன்று கடற்படைப் படகை அவன் தனியே மறித்தானாம். ஒரு பெடியன் பக்கத்தில் நின்று கண்ணால் கண்டவனாம். "அம்மா, பிரான்சிலை இருந்து வந்த துவக்கு அவன்ரை கையிலைதான் இருந்தது. கடைசிக் குண்டு வரைக்கும் அடிச்சவன். அந்தத் துவக்கு ஒருக்காலும் இறுகேல்லை" என்றான். மற்றவர்களெல்லாம் தலையைக் குனிந்துகொண்டு இருந்தார்கள்.

கோண்டாவில் சந்தியிலிருந்து தாவடி வரைக்கும் நோட்டீசு ஒட்டியிருக்கிறது. முப்பத்தோராம் நாளுக்கு ஊரே வந்தது. ஞானரட்ணத்தார் எல்லோருக்கும் முன்னால் எழுந்து, "நான் சொன்ன துவக்கு" என்று சொல்லிவிட்டு அழுதார். அக்கா, அன்றைக்குக் கோபத்தில் உங்களை என்னவெல்லாமோ எழுதினேன். மன்னித்துக்கொள்ளுங்கள். என் பிள்ளை வெறுங்கையோடு போகவில்லை. அதை நீங்கள்தான் செய்தீர்கள். இந்த ஊரில் எத்தனையோ தாய்மாருக்கு அந்த ஆறுதல்கூட இல்லை.

இன்னொன்று. மன்னாரிலிருந்து இடம்பெயர்ந்து வந்த சவரியம்மாள் என்றொருவ இப்போது பக்கத்து வளவில் இருக்கிறா. நல்ல மனிசி, செத்தவீட்டு நாட்களில் எனக்குச் சமைத்துத் தந்தவ. அவவின் இளைய மகனும் போன மாதம் அதே முகாமுக்குப் போய்விட்டான். அவனுக்கும் துவக்குக் கொடுக்கவில்லையாம். அவவிடம் ஒரு சோடிக் காப்பு இருக்கிறது. அதே கடையில், அதே மாதிரிப் பழையதாக, நல்லதாக ஒன்று பாருங்கள் அக்கா. நீங்கள் இல்லையென்று சொல்ல மாட்டீர்கள் என்று அவவுக்கு நான் சொல்லிவிட்டேன்.

உங்கள் தங்கை,
கோசலை